கை எந்தப் பக்கம் போகிறது?

ஓவியர் பதில்கள்

(வார, மாத இதழ்களில் நெடுங்காலமாகக் கதைகளுக்குப் படம் வரைபவர், கும்பகோணத்தில் சனி, ஞாயிறுகளில் ஓவிய வகுப்பு நடத்துபவர். வாசகர் கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறார்.)

*

கேள்வி: எனக்கு 26 வயது. கோவையில் ஐ.டி. வேலை. சின்ன வயதிலிருந்தே வரைவேன். கல்லூரியில் வாட்டர் கலர், அப்புறம் தஞ்சாவூர் ஓவிய வகுப்பு, நடுவில் மண்டலா, எம்ப்ராய்டரி, போன வருஷம் ஐபேட் வாங்கி டிஜிட்டல். எல்லாம் ஓரளவு வருகிறது, எதிலும் நிற்க முடியவில்லை. "உன் ஸ்டைல் என்ன?" என்று யாராவது கேட்டால் அழுகை வருகிறது. என் திசையை எப்படிக் கண்டுபிடிப்பது?
- ர. ம., கோயம்புத்தூர்

முதலில் ஒரு வேலை சொல்கிறேன், அப்புறம் பேசலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூடத்தைப் பெருக்கிவிட்டு, இதுவரை நீ வரைந்ததில் கைவசம் இருப்பதையெல்லாம் தரையில் பரப்பி வை அம்மா. பரண்மேல் கிடக்கிற பள்ளிக்கூட டிராயிங் நோட்டு, பாதியில் நிற்கிற தஞ்சாவூர்ப் பலகை, வளையத்தில் மாட்டியபடியே இருக்கிற எம்ப்ராய்டரித் துணி, எல்லாம். ஐபேடில் இருப்பதைப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் சாதாரணத் தாளில் பிரிண்ட் எடுத்துக்கொள். நல்லது, கெட்டது என்று பிரிக்காதே. நீ எதைக் கெட்டது என்று ஒதுக்குவாயோ, பெரும்பாலும் அதில்தான் விஷயம் இருக்கும். பரப்பிவிட்டு நின்றபடியே பார். உட்கார்ந்தால் ஒவ்வொரு படமாகத்தான் தெரியும். நின்றால்தான் மொத்தமும் தெரியும்.

என் வகுப்புக்கு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் எல்லாம் வரும், எதுவும் நிற்காது. அவளுடையதை எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் பரப்பினோம். பிள்ளையார், நடிகர் முகம், கிளி, காலண்டரைப் பார்த்துப் போட்ட கண்ணன், பூத்தொட்டி. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது. முகங்களை அவசரமாக முடித்திருந்தாள், கைகளை மட்டும் விடவே இல்லை. கண்ணன் முகம் காலண்டரில் இருந்தபடியே இருந்தது. ஆனால் வெண்ணெய்ப் பானைக்குள் போன கை காலண்டரில் இல்லாத கை. விரல் முட்டியில் சுருக்கம், நகத்தடியில் அழுக்கு. நடிகர் படத்தில் முகஜாடை சுத்தமாக வரவில்லை. காபி டம்ளரைப் பிடித்த பிடி அப்படியே வந்திருந்தது. "இந்தக் கையை எதைப் பார்த்துப் போட்டாய்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். "இது எங்கம்மா கை மேடம்" என்றாள். வரைந்தவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைத்தெருவில் பூக்கட்டுகிறவர்களின் கையை மட்டும் வரைந்துகொண்டு வா என்று அனுப்பினேன். நீயும் ஒருநாள் நின்று பார். இடது கை விரல்களுக்கு நடுவே இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர்ந்திருக்கும். வலது கை வாழைநாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் வளையம் போட்டு, மொட்டுக்கு மேலாகக் கொண்டுவந்து இழுக்கும். அந்த இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. பலமாக இழுத்தால் காம்பு அறுந்துவிடும், தளர விட்டால் வீட்டுக்குப் போவதற்குள் சரம் உதிர்ந்துவிடும். அவள் முதலில் கொண்டுவந்த படங்களில் விரல்கள் இருந்தன, இழுப்பு இல்லை. போகப் போக வந்தது. இப்போது தறியில் இருக்கும் கை, பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற கை, மிருதங்கத்துக்கு வார் இழுக்கிற கை என்று வேலை செய்யும் கைகளாகவே வரைந்து தள்ளுகிறாள். வாட்டர் கலரா, பேனாவா, டிஜிட்டலா என்ற குழப்பமெல்லாம் போய்விட்டது. அன்றைக்குப் பையில் எது இருக்கிறதோ அதனால் வரைகிறாள்.

உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்துப் பார். எதனால் வரைகிறாய் என்று வரிசையாக எழுதியிருக்கிறாய். எதை வரைகிறாய் என்று ஓரிடத்தில்கூட எழுதவில்லை. நீ மாற்றி மாற்றிப் பார்த்தது கருவியைத்தான். கருவியை மாற்றுவதால் திசை கிடைக்காது.

ஓவியர் ஆதிமூலம் 1969-இல் காந்தி நூற்றாண்டின்போது காந்தியைக் கோட்டோவியமாக வரைந்தார். ஒன்றிரண்டு அல்ல, நூறு. கறுப்பு, வெள்ளை, ஒரே மனிதர். காந்தியைத் தெரியாதவர்கள் இந்த நாட்டில் யார்? கண்ணாடி, தடி, வேட்டி என்று நாலு கோட்டில் சின்னப் பிள்ளைகூடப் போடும். அந்த நாலு கோடு தீர்ந்துபோன பிறகு என்ன செய்வது என்ற இடத்துக்கு ஓவியர் வந்தாக வேண்டும். அங்கேதான் கை சொந்தமாகத் தேட ஆரம்பிக்கும். பத்துப் படத்தோடு நிறுத்துகிறவர்கள் அந்த இடத்துக்கு வருவதே இல்லை. ஒன்றிலேயே நின்றால் அதிலேயே மாட்டிக்கொள்வோமோ என்ற பயமும் வேண்டாம். அதே ஆதிமூலம் பின்னால் உருவமே இல்லாத பெரிய வண்ண ஓவியங்களுக்குப் போனவர்தான்.

பரப்பிப் பார்த்ததில் திரும்பத் திரும்ப வருவது எதுவோ அதை எடுத்துக்கொள். அடுத்த பொங்கல் வரை அது மட்டும், ஒரே கருவி. பிடிக்காமல் போகிற நாள் வரும். அன்றைக்கும் அதையே வரை. வரைந்ததைப் படம் எடுத்து இந்த இதழ் முகவரிக்கு அனுப்பு, எனக்கு வந்து சேரும். நான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன்.

*

கேள்வி: அரசுப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். 2012-இல் 5,000 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தவர்களில் ஒருவன். மற்ற நேரத்தில் மண்டபங்களுக்கு மேடை அலங்காரம், சுவர் விளம்பரம். கும்பகோணம் கல்லூரியில் படித்தபோது பெரிய கனவுகள் இருந்தன. இப்போது எனக்காக ஒரு படம் போட்டுப் பல வருஷம் ஆகிறது. பிரஷைக் கையில் எடுத்தாலே கூலிதான் ஞாபகம் வருகிறது. ஊக்கம் எங்கே போனது என்று தெரியவில்லை.
- பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

தம்பி, வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, அதற்கேற்ற சம்பளம், பணி நிரந்தரம் கேட்டு வருஷக்கணக்கில் போராட்டம். இவ்வளவையும் சுமந்துகொண்டு, சாயங்காலம் ஏணி ஏறிச் சுவரில் எழுத்தும் எழுதிவிட்டு வருகிறவருக்கு உடம்பும் மனசும் ஓய்ந்துதான் போகும். களைப்பைப் போய் ஊக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள்மேல் நீங்களே அந்தப் பழியைப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கல்லூரியில் சோழமண்டலம் பற்றிப் படித்திருப்பீர்கள், சென்னைக்குப் பக்கத்தில் ஓவியர்கள் சேர்ந்து உண்டாக்கிய கிராமம். பாணி, மரபு, நவீனம் என்றெல்லாம் படித்தோமே தவிர, அவர்கள் சோற்றுக்கு என்ன ஏற்பாடு செய்துகொண்டார்கள் என்பதை நமக்கு அழுத்திச் சொல்லவில்லை. அறுபதுகளில் எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்து முடித்தவர்களின் ஓவியங்களை வாங்க சென்னையில் ஆள் கிடையாது. நல்ல கைகளெல்லாம் ஏதோ ஒரு ஆபீஸ் வேலைக்குப் போய் ஓவியத்தையே விட்டுக்கொண்டிருந்தன. அப்போது அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கருக்கு அதுதான் பெரிய வேதனை. அவரும் மாணவர்களும் பத்திக் துணி போட ஆரம்பித்தார்கள். மெழுகை உருக்கித் துணியில் இழுத்து, சாயத்தில் முக்கி, சாயம் ஏறியதும் மெழுகை வெந்நீரில் எடுக்கிற வேலை. மெழுகு விரிசல் விட்ட இடத்தில் சாயம் நரம்பு நரம்பாக இறங்கியிருக்கும். அது விற்றது. விற்ற பணத்தில்தான் 1966-இல் இஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல்வெளியில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அந்தக் கிராமம் இன்றைக்கும் இருக்கிறது.

இதில் நான் பெரிதாக நினைப்பது ஒன்று. பத்திக்கை அவர்கள் கேவலமாக நினைக்கவில்லை, ஓவியத்தோடு போட்டுக் கலக்கவும் இல்லை. வயிற்றுக்கு அது, மனசுக்கு இது. இரண்டுக்கும் தனித்தனிப் பொருள், தனித்தனி நேரம். உங்களுக்கு இந்தப் பிரிவினைதான் வேண்டும். கூலி வேலையில் உங்கள் கையில் இருப்பது எனாமல் பெயிண்டும் தட்டைப் பிரஷும். பல வருஷமாக அதைப் பிடித்தால் காசு, வேகம், முதலாளியின் அவசரம் என்று கை பழகிவிட்டது. அதே பிரஷை எடுத்து இப்போது எனக்காக வரை என்றால் அது எப்படிக் கேட்கும்? ஆகவே உங்களுக்கான வேலைக்குப் பிரஷே வேண்டாம். கரித்துண்டு, பென்சில், ஐந்து ரூபாய் பால்பாயிண்ட் பேனா, இவற்றில் ஒன்று. வண்ணமும் வேண்டாம். அளவும் சின்னதாக இருக்கட்டும், சட்டைப் பையில் நுழைகிற நோட்டு.

எதை வரைவது? உங்கள் பள்ளிக்கூடத்தில் மதியம் சத்துணவு வரிசை நிற்கும் அல்லவா, அதை. ஒரு பையன் தட்டைத் தலையில் கவிழ்த்திருப்பான். ஒருத்தி மார்போடு அணைத்திருப்பாள். ஒருவன் தட்டில் தாளம் போடுவான், முன்னால் நிற்கிறவன் முதுகில் தட்டின் விளிம்பு பட்டுச் சண்டை வரும். முட்டை போடுகிற நேரத்தில் வரிசையின் வளைவே வேறு மாதிரி இருக்கும், எல்லார் கழுத்தும் ஒரு பக்கமாக நீண்டிருக்கும். இதை வரைய உங்களைத் தவிர வேறு ஓவியர் யாரும் அங்கே வந்து நிற்கப்போவதில்லை. பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு பார்ப்பார்கள், பார்க்கட்டும். வாத்தியார் தனக்காக வரைகிறார் என்பதைப் பார்ப்பதே அவர்களுக்கு ஒரு பாடம்தான்.

ஊக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பத்திரிகை ஆபீஸ் பையனிடமிருந்து வந்தது என்பேன். திருவல்லிக்கேணியில் நாங்கள் குடியிருந்த காலம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சைக்கிளை வாசலில் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்துகொள்வான். "அக்கா, பிளாக் பண்றவரு காத்துக்கிட்டு இருக்காரு" என்பான். படத்தை அச்சடிப்பதற்கான கட்டையாக்குகிறவரைச் சொல்கிறான். படம் கைக்கு வராமல் எழுந்திருக்கமாட்டான். காய்ச்சல், விசேஷம், மழை எதுவும் அவனுக்குக் கணக்கில்லை. வீட்டில் சண்டை போட்டுவிட்டு அழுத கண்ணோடு நான் வரைந்த சிரிப்புப் படங்கள் எத்தனையோ உண்டு. மனசு வரட்டும் என்று காத்திருந்தால் ஓர் இதழும் வெளிவந்திருக்காது. உங்களுக்கும் வாசலில் உட்கார ஒருவர் வேண்டும். கூடப் படித்த நண்பர் யாராவது அதே மாவட்டத்தில் இருப்பார். மாதக் கடைசி ஞாயிறு டீக்கடையில் நோட்டை மாற்றிக்கொள்ளுங்கள். பாராட்டவோ குறை சொல்லவோ வேண்டாம். "இந்த மாதம் என்ன?" என்று அவர் கேட்டால் போதும்.

*

கேள்வி: எந்த பிராண்ட் பெயிண்ட், எந்தத் தாள் வாங்கினால் நன்றாக வரையலாம்?
- ச., மன்னார்குடி

பெயிண்ட் உங்கள் ஊர் ஸ்டேஷனரிக் கடையில் கிடைப்பதே போதும். தாள் விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். விலை உயர்ந்த தாள் கையைப் பயமுறுத்தும். கெட்டுவிடுமோ என்று கோடு நடுங்கும். தினசரிப் பழக்கத்துக்கு ஒரு பக்கம் அச்சான தாளின் மறுபக்கம்தான் உத்தமம். பிரஷ் மட்டும் ஒன்று நல்லதாக வாங்குங்கள், ஈரத்தில் முனை கூர்மையாகச் சேர வேண்டும். கடையிலேயே தண்ணீர் கேட்டு நனைத்துப் பார்த்து வாங்குங்கள்.

*

கேள்வி: சிறுகதை எழுதுகிறேன். நல்ல தொடக்கம் கிடைக்கிறது, இரண்டு பக்கத்தில் நின்றுவிடுகிறது. லேப்டாப் முழுக்கப் பாதிக் கதைகள். ஓவியரிடம் இதைக் கேட்கலாமா?
- ந. க., தூத்துக்குடி

தாராளமாக. கதைகளை அச்சுக்கு முன்பே படிக்கிறவள் நான். எந்த இடத்தைப் படமாக்கலாம் என்று பார்த்துப் பென்சிலால் ஓரத்தில் கோடு போடுவேன். கோடு போட இடமே கிடைக்காத கதைகள் உண்டு. ஆட்கள் நினைப்பார்கள், வருந்துவார்கள், பழசை எண்ணிப் பார்ப்பார்கள். எங்கே உட்கார்ந்துகொண்டு, கையில் எதை வைத்துக்கொண்டு என்று கேட்டால் எழுதியவருக்கே தெரியாது. உங்கள் கதைகள் நிற்பதும் அப்படிப்பட்ட இடத்தில்தான் என்று நினைக்கிறேன். நின்ற இடத்தில் அந்த அறைக்குள் போய்ப் பாருங்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, யாருடைய முதுகு யாருக்குத் தெரிகிறது, அடுப்பில் என்ன இருக்கிறது. யாராவது ஒருவர் எழுந்துபோய் ஏதாவது ஒன்றை எடுக்கட்டும். எதை எடுக்கிறார் என்பதில் அடுத்த பத்தி கிடைக்கும்.

அப்புறம், மோசமாகவாவது முடியுங்கள். கோவைப் பெண்ணுக்குச் சொன்னதுபோல எல்லாவற்றையும் பரப்பி வைத்துப் பார்க்க ஒருநாள் உங்களுக்கும் வரும். பாதிக் கதைகளைப் பரப்பினால் ஒன்றும் தெரியாது. எல்லார் தொடக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். முடிக்கிற விதத்தில்தான் ஆள் தெரிவார். அந்தப் பாதிக் கதைகளில் ஆகக் குறைந்த ஆசை உள்ள கதையை எடுத்து இந்த வாரம் முடித்துவிடுங்கள். அதிகம் ஆசைப்பட்டதை இப்போது தொடாதீர்கள்.

*

கேள்வி: ஏ.ஐ.யிடம் நாலு வார்த்தை சொன்னால் ஒரு நிமிஷத்தில் படம் வந்துவிடுகிறது. இனி எதற்காக நான் வருஷக்கணக்கில் பயிற்சி செய்ய வேண்டும்?
- கே. எஸ்., திருச்சி

வேலை குறையும். அதை மூடி மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஃப்ளெக்ஸ் வந்தபோது கண்ணால் பார்த்தவள் நான். 2000-க்குப் பிறகு கொஞ்ச வருஷத்திலேயே ஊர் ஊராக பேனர் ஆர்ட்டிஸ்டுகளின் பட்டறைகள் மூடின. சின்ன போட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டங்களைப் பெரிய துணியில் சாக்பீஸால் போட்டு, சாரத்தில் ஏறி நின்று ஒரே ஒரு கண்ணை ஆள் உயரத்துக்கு வரைவார்கள். பக்கத்தில் நின்றால் திட்டுத் திட்டாக ஊதாவும் ஆரஞ்சும்தான் தெரியும். எதிர்ச்சாரிக்குப் போய்த் திரும்பினால் அந்தக் கண் நம்மைப் பார்க்கும். எதிர்ச்சாரியிலிருந்து எப்படித் தெரியும் என்பதைச் சாரத்தில் நின்றபடியே அறிந்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்ட வித்தை, சதுர அடிக்கு இவ்வளவு என்று இயந்திரம் அச்சடிக்கத் தொடங்கியதும் சோறு போடாமல் போய்விட்டது. சிலர் கோபுரச் சுதைக்கு வண்ணம் பூசப் போனார்கள், சிலர் பள்ளிச் சுவர்களுக்குப் போனார்கள், பலர் விட்டேவிட்டார்கள். அதனால் சொல்கிறேன், இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தலாம் என்று இறங்காதீர்கள். வேறு ஒரு வருமானத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி எதற்கு என்பதற்கு என் பதில் வேறு. போன மழைக்காலத்தில் ஒரு கதைக்கு, மாதிரிக்கு இருக்கட்டும் என்று ஏ.ஐ. படம் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். திண்ணையில் அரிசி புடைக்கிற கிழவி. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கிழவி முறத்தைத் தாம்பாளம் ஏந்துவதுபோல ஏந்தியிருந்தாள். புடைக்கிறவள் இரண்டு ஓரத்தையும் இறுகப் பிடித்திருப்பாள். முழங்கை விலாவை ஒட்டியிருக்கும், மணிக்கட்டுதான் வேலை செய்யும். அரிசி எழும்பி விழும்போது உமி முன்பக்கமாகப் பறக்கும். தூசி கண்ணில் விழாமல் முகத்தைச் சற்றே ஒரு பக்கம் திருப்பி, கண்ணை இடுக்கியிருப்பாள். நான் வரைய உட்கார்ந்தபோது முறமும் கையும் வந்துவிட்டன, முகம் மட்டும் வரவில்லை. அழித்து அழித்துப் போட்டதில்தான் என் பாட்டி அப்படி முகத்தைத் திருப்பிக்கொள்வது திடீரென்று ஞாபகத்துக்கு வந்தது. அவள் போய்ப் பல வருஷம் ஆகிறது, நான் நினைத்தே பார்க்காத ஒன்று. நாளைக்கு இயந்திரமும் முறத்தைச் சரியாகப் பிடிக்கும். அது வரைந்து கொடுத்திருந்தால் பாட்டி முகம் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்காது. பயிற்சி செய்யுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான், வேறு லாபம் எதையும் உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது.

*

கேள்வி: 38 வயது. இரண்டு பிள்ளைகள். கல்யாணத்துக்கு முன் நிறைய வரைந்தேன். மறுபடி தொடங்க ஆசை. தாமதமாகிவிட்டதா?
- மு., காரைக்குடி

மேலே சொன்ன பணிக்கர் கோயம்புத்தூரில் பிறந்தவர். அப்பா இறந்து, படிப்பை விட்டுவிட்டுக் குடும்பத்துக்காகத் தந்தி இலாகா வேலைக்குப் போனவர். ஓவியப் பள்ளியில் சேரும்போது வயது 25. 'சொற்களும் குறியீடுகளும்' என்ற, எழுத்தும் கணக்கும் நிரம்பிய புகழ்பெற்ற ஓவிய வரிசையை அவர் தொடங்கியது 1963-இல், ஐம்பதைத் தாண்டிய பிறகு. ஒரு மாணவரின் கணக்கு நோட்டைப் பார்த்ததில் அது பிறந்தது என்பார்கள். அதற்கு முன் அவர் வரைந்த தண்ணீர் வண்ணக் காட்சிகளே ஓர் ஆயுளுக்குப் போதுமான பெயரைத் தந்திருந்தன. ஆகவே வயதை விடுங்கள்.

வீட்டில் உங்களுக்கென்று ஒரு மேஜை இருக்கிறதா? நான் அதைத்தான் முதலில் கேட்பேன். சாப்பாட்டு மேஜையில் வரைகிறேன் என்று சொல்லும் பெண்கள் பலரைப் பார்க்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் எல்லாவற்றையும் வழித்து வாரி எடுத்துவைக்க வேண்டும். மறுநாள் மறுபடி பரப்ப வேண்டும். எடுத்துவைக்கிற அலுப்பிலேயே பாதி ஆசை போய்விடும். தையல் மிஷின் மேல் ஒரு பலகையைப் போடுங்கள், ஜன்னலோரம் ஒரு பழைய டிரங்குப் பெட்டியைப் போடுங்கள், எதுவானாலும் சரி. அதன்மேல் பாதிப் படம் எப்போதும் திறந்தபடியே இருக்க வேண்டும். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிறதற்குள் போய் ஒரு இலைக்கு நிறம் கொடுத்துவிட்டு வரலாம். அதை யாரும் தொடக் கூடாது என்று வீட்டில் எல்லாரும் கேட்கும்படி சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் வந்து என்ன பண்றே என்று கேட்டால் "வேலையா இருக்கேன்" என்று சொல்லுங்கள். "சும்மாதான்" என்று நீங்களே சொன்னால் அவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

*

கேள்வி: இன்ஸ்டாகிராமில் படம் போட்டால் லைக்கே விழுவதில்லை. வரைவதையே நிறுத்திவிடலாம் போல இருக்கிறது.
- வி., தாம்பரம்

மூன்று மாதம் அங்கே போடாதீர்கள். வரைந்த ஒவ்வொன்றையும் ஒரே ஒருவருக்குத் தபாலில் அனுப்புங்கள், போஸ்ட் கார்டு அளவில். அத்தைக்கு, பழைய டீச்சருக்கு, ஊரை விட்டுப் போன சிநேகிதிக்கு. யாருக்கு என்று தெரிந்து வரையும்போது என்ன வரைவது என்பது தானே பிடிபடும். அத்தைக்கு நீங்கள் கத்தரிக்காய்ச் செடிதான் அனுப்புவீர்கள், அந்தச் செடி நன்றாகவும் இருக்கும்.

*

கேள்வி: மகன் பிளஸ் டூ படிக்கிறான். ஓவியக் கல்லூரிக்குத்தான் போவேன் என்கிறான். சோறு கிடைக்குமா? அவனுக்குத் திறமை இருக்கிறதா என்றும் எனக்குத் தெரியவில்லை.
- ஒரு தந்தை, திருவண்ணாமலை

ஐயா, திறமை இருக்கிறதா என்று உங்களால் பார்க்க முடியாவிட்டாலும் இதைப் பார்க்க முடியும்: யாரும் பாராட்டாத இடத்தில் வரைகிறானா? கணக்கு நோட்டின் பின்பக்கம், பரீட்சைக்கு முதல் நாள், பஸ் டிக்கெட்டின் முதுகில்? அப்படியானால் அனுப்புங்கள். பரிசுக் கோப்பைகள் மட்டும் இருந்து இது இல்லை என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

எழும்பூரில் இருக்கிற அரசு கவின்கலைக் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. கும்பகோணத்தில் இன்னொரு அரசுக் கல்லூரி இருக்கிறது. சிற்பம், கோயில் கட்டடக்கலை என்றால் மாமல்லபுரம். நான்கு வருஷப் பட்டப்படிப்பு. அரசுக் கல்லூரிக் கட்டணம் உங்களைப் பயமுறுத்தாது. வண்ணக்கலை ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். காட்சித் தொடர்பு, சிற்பம், பீங்கான், துணி வடிவமைப்பு, பதிப்போவியம் என்று பிரிவுகள் உண்டு. சினிமாவில் கலை இயக்கம், அனிமேஷன், விளம்பரம், ஜவுளி என்று இங்கிருந்து போனவர்கள் பல இடங்களில் இருக்கிறார்கள். எழும்பூரில் முதல்வராக இருந்த ஓவியர் ஏ.பி. சந்தானராஜ் உங்கள் ஊர்க்காரர்தான். படித்து முடித்த முதல் சில வருஷம் கையைக் கடிக்கும், அதற்கு வீட்டில் தயாராக இருங்கள்.

சேர்க்கைக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. உருவம் பார்த்து வரைவதும், கொடுத்த பொருளைப் பார்த்து வரைவதும் இப்போதிருந்தே பழகட்டும், போட்டோவைப் பார்த்து வேண்டாம். தேர்வன்று நீங்களும் கூடப் போங்கள். அவன் உள்ளே இருக்கிற நேரத்தில் வளாகத்தில் மரத்தடியில் உட்கார்ந்து வரைகிற பிள்ளைகளிடம் பேசிப் பாருங்கள். எந்த ஊர், வீட்டில் என்ன சொன்னார்கள், செலவுக்கு என்ன செய்கிறாய் என்று நேரடியாகவே கேளுங்கள். மறைக்காமல் சொல்வார்கள்.